லிஃபி ஆற்றில் பெக்கெட் கப்பல்

எங்க அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். ரோந்துக் கப்பல் என்றால் எங்கள் வீட்டில் அது ராத்திரியில் தூரத்தில் தெரியும் ஒரு வெளிச்சம். அதைக் கண்டதும் வலையை அவசரமாக இழுப்பார்கள். அப்படி ஒரு கப்பலில் நானே ஏறுவேன் என்று நினைத்ததில்லை.

டப்ளினில் லிஃபி ஆற்றின் தென்கரையில், சர் ஜான் ராஜர்சன் துறைமேடையில் அயர்லாந்துக் கடற்படையின் ‘சாமுவேல் பெக்கெட்’ பொதுமக்கள் பார்வைக்கு நின்றது. 2014-இல் பணிக்கு வந்த கப்பல். இதே வகையில் அடுத்து வந்தவற்றுக்கு ஜாய்ஸ், யேட்ஸ், பெர்னார்ட் ஷா என்று பெயர். பீரங்கி வைத்த கப்பலுக்கு எழுத்தாளர் பெயர் வைத்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்சம் மேலே, யாழைச் சாய்த்து வைத்தது போல, 2009-இல் திறந்த சாமுவேல் பெக்கெட் பாலமும் தெரிந்தது.

90 மீட்டர் நீளம். நடுக்கடலில் அது ஒரு புள்ளிதான். ஆற்றுக்குள்ளோ, சின்னத் தெருவில் தேர் வந்து நின்ற மாதிரி இருந்தது.

முன்தளத்தில் 76 மி.மீ. பீரங்கி. எல்லோரும் அங்கேதான் போட்டோ எடுத்தார்கள். என் கால் போனது பக்கவாட்டில் தொங்கிய ரப்பர் படகுக்கு. அடிப்பாகம் கெட்டி, விளிம்பைச் சுற்றிக் காற்றடைத்த தடித்த குழாய். பக்கத்தில் நின்ற மாலுமிப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். மீன்பிடிப் படகைச் சோதிக்க இதில்தான் போவார்களாம். ஏறியதும் பதிவேடு, மீன் அறை, வலை எல்லாம் பார்க்க வேண்டும். வலைக் கண்ணியின் ஓட்டைக்குள் கருவியை நுழைத்து அளப்பதை விரலால் செய்து காட்டினார். “வலை மடியில கண்ணி சுருங்குனா அடுத்த வருச மீனை இன்னைக்கே அள்ளுறோம்” என்று அப்பா சொல்வது நினைவுக்கு வந்தது.

2015-இல் இந்தக் கப்பல் மத்தியதரைக் கடலுக்கும் போயிருக்கிறது, அகதிகளை மீட்க. ஆள் நிரம்பி வழியும் படகுக்குப் பக்கத்தில் கப்பலை நேரே கொண்டுபோய் விடக்கூடாது. மீட்க வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால் படகு கவிழ்ந்துவிடும். அதனால் முதலில் ரப்பர் படகு போகும். உட்காரச் சொல்லி, மிதவைச் சட்டைகளைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை ஏற்றிவரும். கப்பலில் வேலை பார்ப்பவர்களே சுமார் 44 பேர்தான். மீட்டு ஏற்றியவர்களோ நூற்றுக்கணக்கில். நான் நின்ற அந்தப் பின்தளத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியதும் சட்டென்று ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். பீரங்கியைக் காட்டினால் “சரி, சரி” என்றார். ரப்பர் படகைக் காட்டியதும், “கிட்ட கொண்டு போ” என்றார். குழாயின் மேல் ஓரிடத்தில் நிறம் வெளுத்து வழவழப்பாகிக் கிடந்தது. அதுவரை நான் கவனிக்கவே இல்லை.

“நெறயப் படகுல அணைஞ்சிருக்குப்பா” என்றார்.

இறங்கும்போது நீர் ஏறியிருந்தது. வரும்போது சமமாக இருந்த நடைபலகை இப்போது கரையை நோக்கிச் சரிந்து கிடந்தது.