புதுப்பிப்பு: வைசியாள் வீதி வீட்டில் மச்சுக் கட்டையிலிருந்து மாவு கொட்டிய விஷயம்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் எங்கள் தாத்தா காலத்து வீட்டில், கூடத்து மச்சிலிருந்து மாவு மாதிரி மரத்தூள் கொட்டுகிறது, கரையானா என்று கேட்டிருந்தேன்.

கரையான் இல்லை. கரையான் என்றால் பெரும்பாலும் மண்பாதை தெரியும் என்று சிலர் சொன்னது சரி. இது மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டு. தேக்கின் வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை, அது தொடவே இல்லை, ஓரத்து வெள்ளைப் பகுதியோடு நின்றுவிட்டது. அங்கே சுரண்டி, போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசல் பூசினோம். தூள் நின்றது.

பெரிய விஷயம் வேறு. "தூளை விடுங்க, சுவருக்குள்ள போற கட்டை முனையைக் குத்திப் பாருங்க" என்று கடலூர் அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது. ஆசாரி ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கட்டையின் நடுவில் இறங்கவே இல்லை, தெருப்பக்கச் சுவரோரம் கைப்பிடி வரை போனது. மேலே மழைத்தண்ணீர் போகும் தூம்பு அடைத்து, ஈரம் சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. மரக்கட்டைகள் மேல் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் ஆச்சே, அந்தப் பாரம் அத்தனையும் அந்தக் கட்டைகள் மேல்தான்! முட்டுக் கொடுத்து, இற்ற முனையை அறுத்து, பழைய தேக்கையே சேர்த்து, இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டார்கள். தூம்பையும் சரிசெய்தாயிற்று.

எதிர்பாராதது, உள்சுவரில் இருந்த எனாமல் பெயிண்ட். ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது அதுதான். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பே அடித்தோம்.

மாடியில் பந்தி போடலாமா என்று கேட்டவர்களுக்கு: பொறியாளர் எடைக் கணக்குப் பார்த்துச் சொல்லும்வரை பந்தி கீழே முற்றத்தைச் சுற்றித்தான்.