கண்ணியில், வலையில் சிக்கிய பறவையைக் கண்டால்: களத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள்

(இந்தக் கேள்விக்குச் சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த பதில்கள்.)

பெரும்பாக்கத்திலிருந்து:

ஐப்பசி மழை பிடித்ததும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சிறுதாவூர் ஏரி, கேளம்பாக்கம் உப்பங்கழி எல்லாம் நிறைந்துவிடும். வலசைப் பறவைகள் வந்திறங்கும் அதே வாரங்களில் கண்ணியும் வந்துவிடுகிறது. பறவை பார்க்கக் கிளம்புகிற புதியவர்கள் பைனாகுலரிலேயே கண்ணை வைத்திருப்பதால் காலடியில் இருக்கும் கண்ணியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் அடையாளத்திலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் குதிரைவால் முடியைத் திரித்துக் கண்ணி போட்டார்கள். இப்போது தூண்டில் நரம்புதான், அதாவது மெல்லிய நைலான் இழை. முடி நாளடைவில் இற்றுப்போகும், நரம்பு எளிதில் இற்றுப்போகாது. வைத்தவர் மறந்து போனாலும் அது மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். கம்புள்கோழிக்கு வைத்ததில் கீரிப்பிள்ளை சிக்கும், உடும்பும் சிக்கும்.

நரம்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சூரியனுக்கு எதிர்முகமாக நடந்தால் மின்னும். காலை ஏழு மணிக்குள், வெயில் சாய்வாக விழும்போது, முழங்கால் உயரத்துக்குக் குனிந்து வரப்பைப் பாருங்கள். புதிதாகச் சீவிய முளைக்குச்சியின் வெள்ளை முனை, வரிசையாக ஒரே திசையில் மடங்கிய புல், ஒரே இடத்தில் உதிர்ந்த சிறகு, காரணமில்லாமல் சிந்திக்கிடக்கும் நெல். இதில் இரண்டு சேர்ந்திருந்தால் நின்றுவிடுங்கள். சம்புப் புல்லுக்குள் தாழைக்கோழி ஓடி ஓடித் தேய்ந்த ஒற்றையடித் தடம் இருக்கும், அதையும் விடாமல் பாருங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, ஒரு கண்ணியைக் கண்டதும் அதோடு திருப்தியாகிவிடுவது. கண்ணி தனியாக இருக்காது. ஒரு முனை கிடைத்தால் மறுமுனை வரை நடந்து எண்ணுங்கள், முன்னால் ஒரு குச்சியை நீட்டிக்கொண்டே. எண்ணியதைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

பழவேற்காட்டிலிருந்து:

வலையைப் பற்றி ஒரு வேண்டுகோள். கம்பில் தொங்கும் வலையைப் பார்த்ததும் படம் எடுத்து ‘பறவை வேட்டை’ என்று போட்டுவிடுகிறார்கள். அது பாதி நேரம் மீனவர் காயப்போட்ட வலை. மீன்வலையில் மேல் விளிம்பில் மிதவையும் கீழ் விளிம்பில் ஈயக் குண்டும் இருக்கும். பயிர்மேல் விரிக்கும் காப்பு வலை தடித்த இழை, நிறம் எடுப்பாகத் தெரியும், பயிரின் மேல் படுத்தபடி கிடக்கும். அதன் வேலையே பறவைக்குத் தெரிந்து விலகிப் போவதுதான். பறவை பிடிக்கும் வலை அதற்கு நேரெதிர். மிக மெல்லிய கருப்பு இழை, இரண்டு சவுக்குக் கம்புக்கு இடையே செங்குத்தாக, பறவை பறந்து வரும் பாதைக்குக் குறுக்கே நிற்கும். இழுத்துக் கட்டாமல் தொளதொளவென்று பை விழுந்திருக்கும். மிதவை கிடையாது, குண்டு கிடையாது. உப்பளக் கரையிலும் ஏரி உள்வாயிலும் இரவில் கட்டிவிட்டு விடியுமுன் அவிழ்ப்பதால் பகலில் வெறும் கம்பு மட்டுமே மிஞ்சும். கம்பின் அடியில் ஈர மண்ணில் ஒரே ஆளின் கால்தடம் போய்வந்து போய்வந்து குழம்பியிருக்கும்.

வலையில் வௌவாலும் ஆந்தையும் சிக்கும். வௌவாலை எக்காரணம் கொண்டும் வெறும் கையில் தொடாதீர்கள், கடித்தால் ரேபிஸ் ஊசிக்கு ஓட வேண்டும்.

வேப்பேரியிலிருந்து, கால்நடை மருத்துவம்:

சிகிச்சைக்கு வரும் பறவைகளில் பலவற்றைக் கண்ணி கொல்வதில்லை. அவிழ்த்த விதம்தான் கொல்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் துணி. கைக்குட்டையோ துண்டோ, பறவையின் தலையை மூடுங்கள். இருட்டானதும் திமிறல் பாதியாகக் குறையும். பிறகு இறக்கைகளை உடம்போடு சேர்த்து இரு கையாலும் அணைத்துப் பிடியுங்கள். மார்பை அழுத்தாதீர்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும்.

கொக்கு, நாரை, மடையான் என்றால் துணிக்கு முன்பே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அவை குறி வைப்பது நம் கண்ணை. ஒருவர் தலைக்குப் பின்னால் கழுத்தைத் தளர்வாகப் பிடிக்க, இன்னொருவர் நரம்பை வெட்ட வேண்டும். ஒற்றை ஆளாக நாரையில் கை வைக்காதீர்கள்.

நரம்பை இழுக்கவே கூடாது, இழுத்தால் சுருக்கு இறுகும். முளையிலிருந்து வரும் நரம்பை முதலில் வெட்டிப் பறவையை விடுவியுங்கள், பிறகு காலில் உள்ளதைப் பாருங்கள். தோலுக்கும் நரம்புக்கும் இடையே மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் நுழைந்தால் வெட்டலாம். சதைக்குள் புதைந்திருந்தால் அப்படியே விட்டுக் கொண்டுவாருங்கள். பிளேடால் முயன்றால் நரம்போடு தசைநாணும் போகும்.

வெட்டியதும் பறக்க விடும் அவசரம் எல்லோருக்கும் வரும். இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் வைத்து ஒப்பிடுங்கள். சுருக்கு விழுந்த கால் சில்லென்று இருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, விரலை மெல்லக் கிள்ளும்போது இழுத்துக்கொள்ளாவிட்டாலோ விடாதீர்கள். ரத்தம் தடைப்பட்ட சதை அன்றைக்கே அழுகாது, சில நாள் கழித்துக் கருத்து உதிரும். நீங்கள் பறக்கவிட்ட படம் அழகாக இருக்கும், பறவை அடுத்த வாரம் ஒற்றைக் காலோடு சாகும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத காயம். மணிக்கணக்கில் திமிறிய பறவையின் தசைக்கு ஆக்சிஜன் போதாமல் அமிலம் சேர்ந்து தசைநார் அழியும். அழிந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். நீளக்கால் பறவைகளுக்கும் கவுதாரி வகைக்கும் இது எளிதில் வரும். வெளிக்காயம் ஒன்றும் இருக்காது. ஆனால் எழுந்து நிற்காது, கால் துவளும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சாகும். தடுக்க ஒரே வழி, தொடும் நேரத்தைக் குறைப்பது. தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்தக் கணக்கில் ஏறும்.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கும், ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

அட்டைப்பெட்டி போதும். கவுதாரிக்கு ஷூ பெட்டி, மடையானுக்கு அது மடங்கி உட்காரும் அளவு. அடியில் பழைய துண்டு. செய்தித்தாள் வழுக்கும், வழுக்கினால் கால் விரிந்துகொள்ளும். பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு பத்துப் பன்னிரண்டு துளை. மூடி இருட்டாக வையுங்கள். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேலும் காரின் டிக்கியிலும் வைக்காதீர்கள், நம் ஊர் பதினொரு மணி வெயிலில் அடைத்த பெட்டி அடுப்புதான். நனைந்த நாமக்கோழி மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கதகதப்பு வேண்டும். துண்டில் ஒற்றி எடுத்துக் காற்றுப் படாமல் வையுங்கள்.

கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பறவைக் காய்ச்சல் இருக்கும் காலம் இது.

கேளம்பாக்கத்திலிருந்து:

வலையில் சிக்கியதற்கு ஒரு சேர்க்கை. எந்தப் பக்கத்திலிருந்து பறந்து வந்து விழுந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள், அந்தப் பக்கமாகத்தான் வெளியே எடுக்க முடியும். வயிறும் வாலும் தெரியும் பக்கம் அது. கால் முதலில், பிறகு இறக்கை, கடைசியில் தலை. காலை விடுவிக்காமல் தலையை எடுத்தால் அது விரலால் வலையை இன்னும் அள்ளிப் பிடித்துக்கொள்ளும். பழக்கமில்லாதவர்கள் ஒவ்வொரு இழையாக அவிழ்க்க உட்காராதீர்கள். வலையை வெட்டிவிடுங்கள், பறவையைச் சுற்றி ஒரு சாண் வலை ஒட்டிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை.

பசை வேறு கதை. முன்பு ஆலம்பால், பலாப்பால் காய்ச்சிக் குச்சியில் தடவினார்கள். இப்போது எலிக்கு வைக்கும் பசை அட்டையே போதும் என்றாகிவிட்டது. மொட்டை மாடியில் எலிக்கு வைத்த அட்டையிலும் குருவி ஒட்டிக்கொள்கிறது. பிய்க்காதீர்கள், இறகோடு தோலும் வரும். ஒட்டாமல் மிச்சமிருக்கும் பசை மேல் மைதா மாவையோ டிஷ்யூ பேப்பரையோ பரப்பினால் மேற்கொண்டு ஒட்டாது. ஒட்டிய இடத்தின் ஓரத்தில் சமையல் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் தடவித் தடவித் தளர்த்துங்கள். மண்ணெண்ணெய், தின்னர், பெட்ரோல் மூன்றும் தோலை எரித்து மூச்சையும் நிறுத்தும். எண்ணெய் பட்ட இறகு நீரைத் தாங்காது, உடம்புச் சூட்டைக் காக்காது. அதனால் கழற்றியதும் விடக் கூடாது, மருத்துவரிடம் கழுவிக் காய்ந்த பிறகுதான்.

மதுராந்தகத்திலிருந்து:

சம்பா அறுப்பு முடிந்து பொங்கல் கழிந்ததும் எங்கள் பக்கம் கவுதாரி, காடைக்குத் தொல்லை. கவுதாரியின் அறிவியல் பெயரிலேயே புதுச்சேரி இருக்கிறது, அவ்வளவு நம்ம ஊர்ப் பறவை. அதைப் பிடிக்க வைக்கும் கூண்டுப் பறவைக்குப் பெயர் பார்வை. சங்கப் பாட்டிலேயே இருக்கும் சொல் இது. கூண்டில் இருப்பது கூவும், அது தன் எல்லை என்று நினைத்துக் காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும்.

புதரிலிருந்து ஒரே இடத்தில் கால் மணி நேரம் நகராமல் கூவினால் சந்தேகப்படுங்கள். காட்டுப் பறவை கூவும், நகரும், வேறு மேட்டில் ஏறிக் கூவும். ஸ்பீக்கர் என்றால் இன்னும் எளிது: அதே இடைவெளி, அதே ஏற்ற இறக்கம், பின்னணியில் அதே காக்காய்ச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். ராத்திரியில் வயலுக்கு நடுவே காடை விடாமல் கூவுவதும் பல நேரம் இதுதான்.

பார்வைப் பறவையைத் திறந்து விட்டுவிடாதீர்கள். குஞ்சிலிருந்து கையில் வளர்ந்தது வெளியே பிழைக்காது, ஆதாரமும் போய்விடும். பார்வைக்கு வைத்த கொக்கின் இமையைத் தைத்திருந்தால் நூலை உருவ வேண்டாம், அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

காயமே இல்லாமல் சில அடி தூரத்துக்குள் நாலைந்து பறவை துவண்டு கிடந்தால், வாயில் எச்சில் ஒழுகினால், கண்மணி சுருங்கியிருந்தால் அது கண்ணி வேலை அல்ல, குருணை மருந்து (பூச்சிக்கொல்லி) கலந்த தானியம். வெறும் கையால் தொடாதீர்கள், தோல் வழியாக நமக்கும் ஏறும். நாயை விலக்குங்கள். உயிரோடு இருப்பதை உடனே கொண்டுபோனால் மாற்று மருந்து உண்டு, நேரம் மிகக் குறைவு.

தாம்பரத்திலிருந்து:

முதல் பதிவோடு ஒன்று சேர்க்கிறேன். கண்ணியை எண்ணுங்கள் என்பது சரி, பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். உயிருள்ள பறவை சிக்கியிருந்தால் முதலில் அதை மீட்க வேண்டும். அப்போதும் இரண்டு படம் எடுத்துவிட்டு, கிட்டத்தில் ஒன்று, பின்னணி மரமோ மின்கம்பமோ தெரிய தூரத்தில் ஒன்று. மற்றக் கண்ணிகளை இருந்த இடத்திலேயே விட்டு லொக்கேஷனோடு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதினால்தான் வழக்கு நிற்கும். நீங்கள் பையில் போட்டுக்கொண்டு போனால் வெறும் நரம்புச் சுருள்தான். ஆள் வரும்வரை தூரத்தில் ஒருவர் நின்றால் போதும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. வேட்டை என்றால் சுடுவது மட்டும் அல்ல. கண்ணி வைப்பது, பிடிப்பது, முயல்வது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாம் அதில் அடங்கும். 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கவுதாரி, காட்டுக் காடை, நாமக்கோழி இரண்டாம் அட்டவணை: 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். மயில் முதல் அட்டவணை: குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை. செத்த பறவையும் அரசின் சொத்து. கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். மீட்டவருக்கும் இது பொருந்தும், வீட்டில் வைத்து வளர்க்கத் தொடங்கிவிடாதீர்கள்.

வயலில் ஆளைப் பார்த்ததும், அவர் உடையையும் சாதியையும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எலி பிடிக்க வரும் இருளரை மறித்துப் படம் எடுப்பது அநியாயம். வைத்த பொருளைப் படம் எடுங்கள்.

கேளம்பாக்கத்திலிருந்து, மறுபடி:

சாலையோரத்தில் தோலுரித்து விற்பது எந்தப் பறவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சிலர் கேட்கிறார்கள். இறகு போனாலும் கால் காட்டிக்கொடுக்கும். விரலோரம் மடல் மடலாகத் தட்டையாக இருந்தால் நாமக்கோழி. விரல் மிக நீளமாகச் சிவந்திருந்தால் நீலத் தாழைக்கோழி. கால் கருப்பும் விரல் மஞ்சளும் என்றால் சின்ன வெள்ளைக் கொக்கு. பாதத்துக்கு மேலே காலின் பின்புறம் முள் இருந்தால் ஆண் கவுதாரி. பண்ணைக் காடைக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. ‘பண்ணையில் வளர்த்த கவுதாரி’ என்ற பேச்சை நம்பி வாங்கினால் வாங்கியவரும் குற்றவாளி.

பெரும்பாக்கத்திலிருந்து:

கண்ணியைப் பிடுங்க வேண்டாம் என்று தாம்பரத்திலிருந்து சொன்னது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். பையில் வைக்க வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் ஒன்று (மருந்துக்கடையில் பேண்டேஜ் வெட்டுவதற்குக் கிடைக்கும்), பருத்தித் துண்டு இரண்டு, கையுறை இரண்டு ஜோடி, கண்ணாடி, மடித்து வைக்கும் அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா. உப்புக்காற்றில் கத்தரிக்கோல் ஒரே மாதத்தில் துருப்பிடித்து நரம்பை நழுவவிடும். மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டு, ஒரு துண்டு நரம்பை வெட்டிப் பார்த்து வையுங்கள்.