சிபியு வேகம் 8-வது நிமிஷத்துல 4.2 கிகாஹெர்ட்ஸ்லிருந்து 0.55-க்கு விழுது: ரைசன் 5 3600, விலை குறைஞ்ச பி450 மதர்போர்டு

தறிவீடு, அம்மாபேட்டை:
சிபியு வேகத்தை நானே ஏத்தி வெச்சிருக்கேன்: மல்டிப்ளையர் 42 (100 மெகாஹெர்ட்ஸால பெருக்கினா 4.2 கிகாஹெர்ட்ஸ்), கோர் வோல்டேஜ் 1.375. சிபியுவை முழுசா வேலை வாங்குற சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை ஓட்டினா 8-வது நிமிஷம் எல்லா கோரும் 0.55 கிகாஹெர்ட்ஸுக்கு விழுது, மவுஸ்கூட நகரல. நிறுத்தி ரெண்டு நிமிஷம் விட்டா சரியாயிடுது. சிபியு 78 டிகிரியைத் தாண்டல. கூடவே வந்த கூலரை எடுத்துட்டு டவர் கூலர் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை. மத்தியானம் ரூம் 38 டிகிரி. சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற தெர்மல் பேஸ்ட் மாத்தணுமாங்க?

நால்ரோடு:
பேஸ்டைத் தொடாதீங்க. 3600-க்கு எல்லை 95 டிகிரி, நீங்க 78-லதான் இருக்கீங்க. இப்படி ஒரேயடியா 0.55-க்குப் போனா, போர்டுதான் சிபியுவை அடக்குது. சூடு, வேகம் எல்லாம் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராம்ல சென்சார் பக்கத்தைத் திறந்து வெச்சு ஓட்டுங்க. தெர்மல் த்ராட்லிங் (சூட்டுக்காக வேகத்தைக் குறைக்கிறது) வரிசையில 'பிராக்ஹாட் எக்ஸ்ட்', அதாவது சிபியுவுக்கு வெளியிலிருந்து வர்ற சூட்டு எச்சரிக்கை, மட்டும் 'யெஸ்' ஆனா விஆர்எம் (சிபியுவுக்கு வோல்டேஜை மாத்திக் கொடுக்கிற போர்டு பகுதி) கொதிக்குதுன்னு அர்த்தம்.

பழைய கூலர் காத்தைக் கீழ்நோக்கி அடிக்கும். அது போர்டுல மோதிப் பரவி, சிபியு சாக்கெட்டைச் சுத்தி இருக்கிற விஆர்எம்மோட மோஸ்ஃபெட் சிப்புகளையும் ஆத்தும். டவர் கூலர் காத்தைப் பக்கவாட்டுல தள்ளுது, கீழே எதுவும் போறதில்ல. சிபியு குளிர்ந்துடுச்சு, மோஸ்ஃபெட் வேகுது. சந்தேகமிருந்தா பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டிட்டு டேபிள் ஃபேனை அங்க திருப்பி வெச்சு ஓட்டிப் பாருங்க.

தறிவீடு:
'எக்ஸ்ட்' யெஸ் காட்டுதுங்கண்ணா. ஃபேன் வெச்சா 10 நிமிஷமும் 4.2 நிக்குது. மோஸ்ஃபெட் மேல ஹீட்சிங்க்கே இல்ல. பக்கத்துல இருக்கிற சோக் (காயில்) கட்டைகளுக்கு நடுவுல தறிப் பஞ்சு மெத்தை மாதிரி அடைஞ்சிருக்கு.

சேர்வராயன், ஏற்காடு:
இங்க இதே 4.2, 1.375 அரை மணி நேரம் விழாம ஓடுது. போர்டு சரியில்லையோ?

நால்ரோடு:
போர்டு மேல தப்பில்ல. உங்க ரூம் 22 இருந்தா இவரோடது 38. அந்த 16 டிகிரியும் அப்படியே மோஸ்ஃபெட் மேல ஏறும். ஏற்காட்டுல நின்ன செட்டிங்கை அடிவாரத்துக்கு இறக்கக் கூடாது.

தறிவீடு, முதல்ல பவர் கேபிளைப் பிடுங்கிட்டு அந்தப் பஞ்சை மெல்லிய பிரஷ்ல எடுங்க. வேக்குவம் கிளீனர் மூக்கை போர்டுல ஒட்ட வேண்டாம், ஸ்டாட்டிக் பாயும். பிறகு மோஸ்ஃபெட் முகத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, குட்டி அலுமினிய ஹீட்சிங்க்கை தெர்மல் டேப்பால ஒட்டுங்க. ஃபெவிக்விக் வேண்டாம், அது சூட்டைக் கடத்தாது. ஹீட்சிங்க் பக்கத்து சால்டர் புள்ளியில பட்டா ஷார்ட். அதுக்கு நேரா ஒரு 80 மிமீ ஃபேனை கேபிள் டையால கட்டி, கேஸ் ஃபேன் ஹெடர்ல மாட்டுங்க.

வோல்டேஜ்தான் பெரிய விஷயம். மல்டிப்ளையர் 40.5, வோல்டேஜ் 1.25-ல ஆரம்பிங்க. பவர் வேகத்தோடயும் வோல்டேஜின் வர்க்கத்தோடயும் போறதால, கிட்டத்தட்ட 20 சதவீதம் குறையும். இழக்கிறது 150 மெகாஹெர்ட்ஸ். வேலையில தெரியவே தெரியாது. கிராஷ் ஆனா 0.0125 ஏத்துங்க, 1.3-ஐத் தாண்ட வேண்டாம். லோடு ஏறும்போது வோல்டேஜ் சரியாம பிடிக்கிற லோடுலைன் கேலிப்ரேஷனை நடு லெவல்ல வைங்க. அதோட எண் வரிசை போர்டுக்குப் போர்டு தலைகீழா இருக்கும், மேனுவலைப் பாருங்க.

ரேம் எவ்வளவுல ஓடுது?

தறிவீடு:
3200 கிட் தாங்க, ஆனா 2400 காட்டுது.

நால்ரோடு:
அப்போ ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற எக்ஸ்எம்பி செட்டிங் பயாஸ்ல ஆஃப்ல கிடக்கு. ஆன் பண்ணி, சிபியுவோட உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1600-ல (3200-ல பாதி) இருக்கான்னு பாருங்க. கேம்ல 4.2 தர்றதைவிட இது அதிகம் தரும். ஆனா சிபியு செட்டிங் நின்னபிறகு தனியா மாத்துங்க. ரெண்டையும் சேர்த்து மாத்தினா கிராஷ் யாரால வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது.

சோதனையை ராத்திரி பண்ணாதீங்க. மத்தியானம் 2 மணிக்கு, தகட்டை மூடி, 30 நிமிஷம். திரை வரலைன்னா கேபிளைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை 5 நிமிஷம் கழட்டி வெச்சு மாட்டினா பயாஸ் பழையபடி வந்துடும்.