2013 சென்னை உலக சதுரங்க சாம்பியன்ஷிப் முதல் ஆட்டம்: 16 மூவில் டிரா எப்படி?

காய்நகர்த்தி:
2013 நவம்பர் 9, கார்ல்சன் (வெள்ளை) – ஆனந்த். கடைசிப் பகுதி (எண்ணுக்குப் பிறகு முதல்ல வெள்ளையோட மூவ், அடுத்தது கறுப்போடது): 13.ராணி பி3 குதிரை ஏ5 14.ராணி ஏ3 குதிரை சி4 15.ராணி பி3 குதிரை ஏ5 16.ராணி ஏ3 குதிரை சி4, டிரா. இந்த நிலை ரெண்டு தடவைதானே வந்திருக்கு? டிராவுக்கு மூணு தடவை வேணாமா? ராணி வேற கட்டத்துக்குப் போயிருக்கலாமே?

எட்டாம்வரிசை:
போக இடமில்லை நண்பரே. சி3 குதிரையைப் பாருங்க. டி5 குதிரை அதைத் தாக்குது. பி2 பிஷப் சி1-க்குத் திரும்பிட்டதால காவல் ராணி மட்டும்தான். 13...குதிரை ஏ5-க்குப் பிறகு ராணி டி1, ஏ4 போனா சி3 குதிரை சும்மா போகும். சி2-ல எஃப்5 பிஷப் வெட்டும், பி4-ல டி5 குதிரை வெட்டும். பி2 போனா மறுபடி குதிரை சி4, மறுபடி பி3. ஏ5 குதிரையும் லேசுப்பட்டதில்லை: ராணியை விரட்டிக்கிட்டே பி7-ஐயும் காக்குது.

விலகணும்னா 13-லயே சி3 குதிரையால டி5-ல வெட்டியிருக்கணும். சி சிப்பாய் திருப்பி வெட்டினா சி4 குதிரைக்கு டி5 சிப்பாய் காவல். வெள்ளைக்கு அதுல ஒண்ணும் ருசி இல்லை.

ஆர்பிட்டர்மேசை:
எண்ணிக்கையை 13.ராணி பி3-லிருந்து ஆரம்பிங்க. 13, 15-ல ஒரே நிலை, 17.ராணி பி3 வந்தா மூணாவது. ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) விதி 9.2 படி மூவை ஆடாமலே டிரா கிளெய்ம் பண்ணலாம்: ஸ்கோர்ஷீட்ல (மூவ்களைக் குறிக்கிற தாள்ல) எழுதி, நடுவர்கிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி காயைத் தொட்டுட்டா அந்த மூவுக்கு உரிமை போச்சு. கிளெய்ம் தப்புன்னா எதிராளிக்கு 2 நிமிஷம் கூடும், எழுதின மூவையே ஆடணும். டோர்னமென்ட்ல பலரும் ஆடி முடிச்சிட்டு வந்து கேட்கிறாங்க, அப்புறம் சண்டை. (ஒரே நிலை ஐந்து முறை வந்தா நடுவரே நிறுத்தும் விதி 2014 ஜூலையில்தான் வந்தது.)

ஜி3பிரியன்:
வினை 9-வது மூவிலேயே. இது ரெட்டிங்கிற தொடக்க வரிசையில ஆரம்பிச்சு நியோ-குருன்ஃபெல்டுங்கிற இன்னொரு தொடக்கத்துக்குள்ள போன ஆட்டம். 9.குதிரை சி3 டி×சி4 10.பி×சி4 குதிரை பி6 ஆனதும் சி4 சிப்பாய் தாக்கப்படுது. 11.சி5 தள்ளினார், சி4, டி5 ரெண்டு கட்டமும் கறுப்புக் குதிரைகளுக்குப் பந்தி விரிச்ச மாதிரி ஆயிடுச்சு. வெள்ளையில ஆடுறவங்க 9.குதிரை பி-டி2 (பி1 குதிரையை டி2-க்கு) முயற்சி பண்ணுங்க. சி4-ஐக் குதிரையாலேயே திருப்பி வெட்டலாம், சி3-ல தாக்க ஆளும் இருக்காது.