தங்கச்சிமடத்தில் தனியா இருக்கிற அம்மாவுக்கு ஒரு துணை வேணும்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துச் சொந்தங்களே, வணக்கம். அம்மாவுக்கு 74 வயசு. பாசி எடுக்கக் கடல்ல இறங்கி இறங்கி முட்டி தேஞ்சுபோச்சு. நான் திருப்பூர்ல வேலை பார்க்கிறேன். அவங்க ஊரை விட்டு வரமாட்டேங்கிறாங்க. போன வாரம் போய்ப் பார்த்தா, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே டப்பாவுல கலந்து கிடக்கு. எது காலையில, எது ராத்திரின்னு தெரியாமலே முழுங்கியிருக்காங்க. மனசு கேக்கல.

முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருது. 14567 முதியோர் உதவி எண்ணுலயும் கேட்கப்போறேன். ஆனா ஊருக்குள்ள ஆள் வேணுமே. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து குடுப்பாங்க, பிசியோதெரபியும் உண்டு. அதுல பேரு சேர்க்க அங்க யாரைப் பார்க்கணும்? மதியம் சோறு குடுத்து, மாத்திரையையும் எடுத்துக்குடுக்க நம்பிக்கையான அக்கா யாராவது இருந்தாலும் சொல்லுங்க. சம்பளம் குடுத்துடுறேன்.