புதுப்பிப்பு: சாம்பல் கிளி எங்கே வந்து நிற்கிறது
வெளிநாட்டுக்குக் குடிபெயரும் நண்பரின் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைச் சட்டப்படி நான் வாங்கி வளர்க்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ‘ரசீது இருந்தால் போதும்’ என்றார்கள் பலர். போதவில்லை.

ரசீதில் ‘பின்னிணைப்பு 2’ என்றிருந்தது. சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியல்களில் ஒன்று அது. ரசீது எழுதிய நாளில் அப்படிக் குறித்தது சரிதான். ஆனால் 2016இல் சைட்டிஸ் உறுப்பு நாடுகள் கூடி இந்தக் கிளியைக் கட்டுப்பாடு மிகுந்த பின்னிணைப்பு 1க்கு மாற்றின. 2017 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தையே நான் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். அது எல்லை தாண்டும் வணிகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். சில நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

கைகொடுத்தது காலில் கிடந்த வளையம். ஒட்டே இல்லாத உலோக வளையம் அது. குஞ்சின் பாதம் சிறிதாக இருக்கும் சில நாட்களில் மட்டுமே மாட்ட முடியும். வளர்ந்த பறவைக்கு ஏறாது. ஆகவே கூண்டில் பிறந்தது என்பதற்கு அது வலுவான சான்று. பூதக்கண்ணாடியும் கையுமாக அரைமணி நேரம் போராடி எண்ணைப் படித்தோம். இதற்குள் கிளி என் கட்டைவிரலைப் பதம்பார்த்துவிட்டது. முதலில் எண் ரசீதோடு பொருந்தவில்லை என்று பதறினோம். 6ஐத் தலைகீழாக 9 என்று படித்திருக்கிறோம்!

உரிமையாளர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அனுமதி வரும்வரை கிளி நண்பர் வீட்டிலேயே இருக்கும். ‘முதலில் கொண்டுவந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றவருக்கு: பறிமுதல் ஆனால் இழப்பு எனக்கு மட்டுமல்ல, அந்தக் கிளிக்கும்தான்.