வெள்ளம் வடிஞ்ச பிறகு கோயில் இளைஞர் குழு என்ன செய்யலாம்?

செந்தூல் தம்பி:
வணக்கம். கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் ஒரு கோயில் இளைஞர் குழுவுல இருக்கேன். வருஷக் கடைசி மழைக்கு முன்னாடி கோயில்லயே ஒரு நிவாரண டீம் போடலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம். கமிட்டி பெரியவங்களுக்கு உடனே தோணறது, பாதிக்கப்பட்டவங்களுக்கு சாப்பாடு கட்டிக் கொடுக்கறதுதான், அது நல்ல காரியம்தான், அண்டா இருக்கு, கேஸ் அடுப்பு இருக்கு, அன்னதானம் சமைச்சுப் பழகின ஆளுங்க இருக்காங்க. ஆனா முதல் ரெண்டு மூணு நாள் சாப்பாடு வந்து குவியுது, அப்புறம் வீட்டைக் கழுவ ஆளே கெடைக்கலன்னு கேள்விப்படறேன். தண்ணி வடிஞ்ச பிறகு உண்மையிலே என்ன வேணும்? இன்னொண்ணு, கோயில் பேர் போட்ட டீ-சர்ட்டோட மலாய்க்காரங்க, சீனவங்க வீட்டுக்குப் போனா சங்கடமா இருக்குமா?

ஸ்ரீ மூடா அக்கா:
தம்பி, நான் 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்துல மாட்டினவ. சாப்பாட்டைக் குறைச்சு சொல்ல மாட்டேன், பசியோட மாடியில உக்காந்தவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவுல சீக்கியங்க அண்டா அண்டாவா சமைச்சு அனுப்புனாங்க, லங்கர்னு சொல்ற அவங்க பொதுச் சாப்பாடு சைவம்தான், அதனால எந்த இனத்துக்காரங்களும் தயங்காம சாப்பிடலாம். நீங்களும் சைவமாவே சமைங்க.

ஆனா தண்ணி வடிஞ்சு கதவைத் திறந்தப்பதான் மனசே விட்டுப்போச்சு. கணுக்கால் வரைக்கும் சேறு, பிரிட்ஜ் மல்லாந்து கெடக்கு, மெத்தை தண்ணி குடிச்சு ரெண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியல, வீட்டுல நானும் அம்மாவும் மட்டும்தான். முன்னபின்ன தெரியாத ஒரு சர்ச் பிள்ளைங்க மண்வெட்டியோட வந்தாங்க. எதை வைக்கணும் எதைப் போடணும்னு எங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொண்ணையும் தொட்டாங்க. சாமி ரூம்ல முருகன் படம் சேத்தோட கெடந்துச்சு, அந்தப் பிள்ளைங்கள்ல ஒரு சீனப் பையன் குழாய்த் தண்ணியில மெதுவா கழுவி, துணியால ஒத்தி எடுத்து, அம்மாகிட்ட ரெண்டு கையாலயும் குடுத்தான். அதுவரைக்கும் அழாத அம்மா அப்பத்தான் அழுதாங்க. அவங்க டீ-சர்ட்டுலயும் சர்ச் பேர் இருந்துச்சு, எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்ல.

ஆயர் ஈத்தாம் வாசி:
அக்கா சொல்றது சரி. பினாங்குல 2017 நவம்பர் 4 ராத்திரி அடிச்ச புயல் மழையில 7 பேர் செத்தாங்க, அப்ப பள்ளிவாசல், சர்ச், கோயில்னு எல்லாரும் கதவைத் திறந்து விட்டாங்க, பள்ளிவாசல்ல சீனக் குடும்பங்க படுத்துத் தூங்கினாங்க. அந்த ஒரு ராத்திரிக்கு இடம் குடுக்கறது எல்லாருக்கும் வருது. ரெண்டாவது வாரம் யார் வர்றாங்கங்கறதுதான் கேள்வி. அதுக்குத்தான் கோயில் மாதிரி இடம் தோதானது, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஆளு கூடற இடம், சேர்ந்து வேலை செஞ்சு பழகினவங்க, ஊரை விட்டு எங்கயும் போகப்போறதில்ல.

டீ-சர்ட் தாராளமா போடுங்க. யார் வீட்டுக்குள்ள வந்தாங்கன்னு மக்களுக்குத் தெரியணும், ஏதாவது தொலைஞ்சா யார்கிட்ட கேக்கறது? 1966ல தைவான்ல ஆரம்பிச்ச சூ ச்சி பௌத்த அமைப்பைப் பாருங்க, நீலச் சட்டை வெள்ளைக் கால்சட்டை, தூரத்துல வரும்போதே தெரியும், எதைக் குடுத்தாலும் குனிஞ்சு வணங்கிக் குடுப்பாங்க. 2013ல பிலிப்பைன்ஸ் தாக்லோபானை ஹையான் புயல் அடிச்சப்ப அவங்க ஊர் மக்களுக்கே தினக்கூலி குடுத்து அவங்க தெருவையே சுத்தம் பண்ண வச்சாங்க, கையில காசு வந்ததும் கடைகளும் மெதுவா திறந்துச்சு. ஆனா ஒரு வீட்டுலயும் பூஜை, பிரார்த்தனைன்னு ஆரம்பிக்காதீங்க. உதவியை வச்சு மதத்தைப் பரப்பக்கூடாதுன்னு 1994லயே செஞ்சிலுவை இயக்கமும் மத்த நிவாரண அமைப்புகளும் சேர்ந்து நடத்தை விதி எழுதி வச்சிருக்காங்க. நனைஞ்ச சாமி படம், பைபிள் எதையும் குப்பையோட சேர்க்காதீங்க, தனியா எடுத்து வச்சு வீட்டுக்காரங்களைக் கேளுங்க, குர்ஆன்னா தொடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

வயர்மேன்:
சுருக்கமா சொல்றேன். தண்ணி ஏறின வீட்டுல மெயின் சுவிட்சை நீங்களா போடாதீங்க, லைசென்ஸ் உள்ள ஆள் பிளக் பாயிண்டு எல்லாம் கழட்டி காயவச்சு டெஸ்ட் பண்ணட்டும். பூட்ஸ், தடிச்ச கிளவுஸ் இல்லாம யாரையும் சேத்துல இறக்காதீங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணி காயத்துல பட்டா எலிக்காய்ச்சல் வரும், ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல் அடிச்சாலும் கிளினிக்ல வெள்ளத்துல வேலை செஞ்சோம்னு மறக்காம சொல்லுங்க, அதுல உயிரே போயிருக்கு. சேறு காயறதுக்கு முன்னாடி சுவரைக் கழுவுங்க, காஞ்சா சிமெண்டு மாதிரி ஆயிடும். குளோராக்ஸ் மாதிரி பிளீச்சோட வேற கெமிக்கல் எதையும் கலக்காதீங்க.

செந்தூல் தம்பி:
எல்லாருக்கும் நன்றி, கமிட்டிக்கு அப்படியே படிச்சுக் காட்டுவேன். எங்க குழுவுல வயசான அங்கிள், ஆண்ட்டிங்க நிறைய பேர், சேறு அள்ள முடியாது ஆனா வரணும்னு ஆசைப்படறாங்க. அவங்களுக்கு என்ன வேலை குடுக்கலாம்?

ஸ்ரீ மூடா அக்கா:
உதவிக்கு விண்ணப்ப ஃபாரம் நிரப்பற வேலை தம்பி! 2021ல அரசாங்கம் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் வாங் இஹ்சான்னு வெள்ள உதவித்தொகை குடுத்துச்சு, ஆனா எங்க தெருவுல மலாய் எழுதத் தெரியாத பாட்டிங்க எந்த கவுண்டருக்குப் போறதுன்னே தெரியாம நின்னாங்க. மைகாட், அதான் அடையாள அட்டை, தண்ணியில போயிருந்தா வெள்ளத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) கட்டணம் இல்லாம மாத்தித் தருவாங்க, அதுவும் பல பேருக்குத் தெரியல. கோயில் மண்டபத்துல ஒரு மேசை, ஒரு பிரிண்டர் போட்டு பேங்கு, அரசாங்க ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்களை உக்கார வைங்க. நனைஞ்ச சாமானை லோரியில ஏத்தறதுக்கு முன்னாடி போட்டோ புடிச்சு வைக்கச் சொல்லுங்க, பின்னாடி உதவிக்கோ இன்சூரன்சுக்கோ கேட்டா காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.